முதல் பத்தடிக்கு ஒரு மோட்டார்

நகரி கடைவீதியில், மோட்டார் பூட்டிய என் நைனாவின் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றால், சற்று நேரத்தில் யாராவது வந்து கேரியருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எவ்ளோ ஸ்பீடு போகும்?" தெலுங்கில் கேட்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள், திருத்தணியிலிருந்து வரும் உறவினர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பதினேழு, மிஞ்சினால் பதினெட்டு என்று சொன்னதும் கேட்டவரின் முகம் சப்பென்று ஆகிவிடுகிறது. அதற்கு மேல் அவர் எதையும் கேட்பதில்லை. ஏறும்போது எப்படி இருக்கிறது, இறங்கும்போது மோட்டார் என்ன செய்கிறது, மழையில் பிரேக் பிடிக்கிறதா, பேட்டரி தீர்ந்துவிட்டால் மிதிக்க முடிகிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கேள்விகளுக்கான பதில்களில்தான் இந்த வண்டியின் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதால், அவற்றை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சைக்கிள் ஒரு பழைய ஹெர்குலஸ். 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் தொழிற்சாலையில் செய்தது. 24 அங்குல ஃபிரேம், 28 அங்குலச் சக்கரம், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் ராட் பிரேக், மூன்று ஸ்பிரிங் தோல் சீட். தாத்தா திருத்தணியில் வாங்கியது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்து நகரி ஆந்திரத்தில் நின்றுவிட்ட பிறகும், தறியிலிருந்து இறங்கிய துணியை மூட்டை கட்டி இந்த சைக்கிளில்தான் அவர் திருத்தணிக்குக் கொண்டுபோனார் என்று வீட்டில் சொல்வார்கள். அவருக்குப் பின் நைனா அதே வேலையை அதே சைக்கிளில் செய்தார். தறிக் கொட்டகையை இப்போது வாடகைக்கு விட்டாயிற்று. ஆனாலும் காலையில் ஒருமுறை அங்கே போய்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஆற்றுப் பாலம் தாண்டி நிலத்தையும் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்கு நாள் தொடங்கும். மூட்டுத் தேய்மானம் வந்த பிறகு பாலத்தின் ஏற்றத்தில் இறங்கித் தள்ளத் தொடங்கினார். பின்பு சமதரையிலேயே புறப்படும்போது வலியில் உதட்டைக் கடிக்கத் தொடங்கினார். மொபெட் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "வண்டின்னா லைசென்சு, பெட்ரோலு, சத்தம். வழியில ஆளப் பாத்தா நிறுத்திப் பேச முடியாது. எனக்குச் சைக்கிளே போதும்ப்பா" என்று சொல்லிவிட்டார். நிறுத்திப் பேச முடியாது என்பது எந்த வகையில் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை; ஆனால் அவர் சொன்னதில் உறுதி இருந்தது. ஆகவே சைக்கிளுக்கே மோட்டார் வைப்பது என்று முடிவாயிற்று.

முடிவானதும் முதலில் வந்து சேர்ந்தவன் சென்னையில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன். "மாமா, 80 சிசி டூ ஸ்ட்ரோக் கிட் போட்டா அம்பதுல போகும்" என்று கைப்பேசியில் படங்களைக் காட்டினான். ஃபிரேமின் முக்கோணத்துக்குள் கச்சிதமாக உட்காரும் சிறிய எஞ்சின், பின்சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பிகளையே இரண்டு ரப்பர் வட்டங்களுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் பல்சக்கரம், ஹேண்டில் பாரில் கிளட்ச்: பார்க்க அழகாகத்தான் இருந்தது. சைக்கிளில் எஞ்சின் ஒட்டும் ஆசை புதியதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இத்தாலியில் டுகாட்டி நிறுவனம் 48 சிசி எஞ்சினைச் சைக்கிள்களில் பொருத்துவதற்கென்றே செய்து விற்றது. பிரான்சில் 1946 முதல் வெலோசொலெக்ஸ் என்ற வண்டி முன்சக்கர டயரின் மேல் ஓர் உருளையை அழுத்தியே ஓடியது. நம் பக்கத்துக்கே வந்தால், பிரெஞ்சு மோட்டோபெகான் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு திருப்பதியில் செய்யப்பட்ட சுவேகாவை இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1972-இல் லூனாவும் 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50-உம் வந்த பிறகு சைக்கிளில் தனியே எஞ்சின் ஒட்ட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. மொபெட்டுக்கென்றே தடித்த ஃபிரேமும் டிரம் பிரேக்கும் கொண்ட வண்டி கிடைக்கும்போது, மிதிப்பதற்கென்று செய்த ஃபிரேமை எதற்காக வதைக்க வேண்டும்?

சட்டமும் எஞ்சினுக்கு எதிராகவே இருந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, நான்குக்கும் குறைந்த சக்கரங்களும் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சினும் உள்ள வண்டிதான் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்கு வெளியே நிற்கிறது. 48 சிசியும் 80 சிசியும் உள்ளே வந்துவிடுகின்றன. வந்தால் பதிவு, காப்பீடு, உரிமம் எல்லாம் வேண்டும், வீட்டில் ஒட்டுப்போட்டுச் செய்த வண்டியை எந்த அலுவலகமும் பதிவு செய்து தராது. மின்மோட்டாருக்கு வேறு அளவுகோல். திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. இவற்றைச் சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. இணையத்தில் மோட்டார் வாங்கிப் பூட்டுகிறவர்கள் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாங்கள் அளவுக்குள் நின்றுகொள்வது, நெடுஞ்சாலைப் பக்கமே போவதில்லை என்று வைத்துக்கொண்டோம். இதில் நைனாவுக்கு ஒரு வேடிக்கை. அவருடைய இளமையில் வெறும் சைக்கிளுக்கே வருடாவருடம் வரி கட்டித் தகர வில்லை வாங்கிக் கட்ட வேண்டும், இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். மோட்டார் வைத்த சைக்கிளுக்கு வில்லை வேண்டாம் என்றதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

பாய் கேட்ட கேள்வி

எங்கள் ஊரில் இந்த வயது சைக்கிள்களை இன்னும் மனதோடு பழுது பார்க்கிறவர் ஒருவர்தான். எல்லோருக்கும் அவர் பாய். அவரிடம் மருமகன் வரைந்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். எஞ்சினைக் கைவிட்டு மின்மோட்டாருக்கு மாறிய படம் அது. பேட்டரிப் பெட்டி கேரியரின் மேல், ஹேண்டில் பாரில் முறுக்கி வேகம் கூட்டும் திராட்டில் (ஆக்சிலரேட்டர்), அதிகபட்ச வேகம் 25. பாய் படத்தைக் கையில் வாங்கவே இல்லை. "தம்பி, இது யாருக்கு?" என்று கேட்டார். நைனாவுக்கு என்றேன். "அப்ப நாளைக்குக் காலையில அவரு ஏறுறத ஒரு வாட்டி நின்னு பாத்துட்டு வாங்க. பாக்காம நான் பானாவத் தொட மாட்டேன்."

பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்றை மறுபடி பார்க்கச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேதான் மறுநாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நைனா சைக்கிளை வாசலிலிருந்து இறக்கினார். இடது காலைப் பெடலில் வைத்தார். வலது காலால் தரையை மெல்ல உந்தினார், இன்னொரு முறை, சக்கரம் உருளத் தொடங்கியதும் அந்தக் காலைப் பின்னால் வீசிக் கேரியருக்கு மேலாகச் சுழற்றி அந்தப் பக்கம் கொண்டுபோய் உட்கார்ந்தார். அவர் வயது ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் ஏறுவார்கள். நின்ற இடத்தில் பாருக்கு மேலாகக் காலைத் தூக்கிப்போட்டு உட்கார்ந்துகொண்டு புறப்படுவது எங்கள் தலைமுறையின் வழக்கம். உட்காரும்வரை அவர் முகத்தில் வலி இல்லை. வலது பெடல் மேலே வந்து முட்டி முழுவதும் மடங்கிய நிலையில் உடம்பின் பாரம் அதன் மேல் இறங்கிய அந்த முதல் மிதியில்தான் உதடு மடிந்தது. நான்கைந்து மிதிகளுக்குப் பிறகு வண்டி வேகம் பிடித்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது. அதாவது அவருக்கு உதவி வேண்டிய தூரம் பத்தடி, பிறகு பாலத்து ஏற்றம். மற்ற இடமெல்லாம் அவரே மிதித்துக்கொள்வார். இறங்கும்போதும் அதே சடங்கு தலைகீழாக நடந்தது: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சீட்டிலிருந்து எழுந்து, வலது காலைப் பின்னால் சுழற்றி இறக்கி, இடது பெடலில் ஒற்றைக் காலில் நின்றபடி கொஞ்சதூரம் வந்து, தரையில் காலை வைத்து நிறுத்தினார்.

அந்தக் காலைநேரத்துக்குப் பிறகு மருமகனின் படத்தில் மிஞ்சியது அதிகமில்லை. கேரியரின் மேல் பேட்டரி இருந்தால் காலைச் சுழற்றும் உயரம் கூடிவிடும். தேய்ந்த மூட்டுள்ளவர் அரையடி அதிகமாகக் காலைத் தூக்க முடியாது, பெட்டியில் குதிகால் இடித்தால் வண்டியோடு கவிழ்வார். முறுக்கும் திராட்டில் அதைவிட ஆபத்து. ஒற்றைக் காலில் தத்தும்போது அவருடைய இரண்டு கைகளும் ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. பிடி சற்று முறுகினாலும் ஆள் ஏறுவதற்கு முன்பே வண்டி பாய்ந்துவிடும். பெடல் சுற்றுவதை உணர்ந்து மோட்டாரை ஓட்டும் உணரி வைக்கலாம் என்று மருமகன் சொன்னான். அதற்கான காந்த வட்டம் இன்றைய சைக்கிள்களின் சதுர முனை அச்சுக்கென்று வருவது. பெடல் தண்டை ஆப்புபோல இறுக்கும் காட்டர் பின் போட்ட பழைய உருண்டை அச்சில் உட்காராது. லேத்தில் ஒரு வளையம் கடைந்து உட்கார வைத்துவிடலாம்தான். ஆனால் பெடல் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் அந்த உணரி விழித்துக்கொள்ளும்; நைனாவுக்கு வலிக்கிற மிதியோ முதல் மிதி.

பாயிடம் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். அவர் நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடையில் கிடந்த ஒரு தோல் சீட்டை எடுத்துக் கையால் அழுத்திக் காட்டினார். பின்பக்கத்து இரண்டு சுருள் ஸ்பிரிங்கும் ஒரு விரல் அளவுக்குக் கீழே இறங்கின. "ஆளு உக்காந்தா இது இறங்கும். எழுந்தா ஏறும். இதுக்குக் கீழ ஒரு சுச்சு வெச்சா ஆவாதா?" என்றார். மின்சாரம் அவர் தொழில் அல்ல. வயர் என்றால் டைனமோ வயரோடு சரி. ஆனால் நானும் மருமகனும் கைப்பேசியில் தேடித் தேடிக் காணாத விடையை அவர் சீட்டின் ஸ்பிரிங்கில் கண்டுவிட்டார். மின்மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பிரேக்குக்கென்று இரண்டு வயர்கள் வரும். பிரேக் பிடித்ததும் அவை ஒன்றோடொன்று இணைந்து, திராட்டில் எந்த நிலையில் இருந்தாலும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்த வயர்களிலேயே, அழுத்தினால் பிரியும் சிறிய சுவிட்ச் ஒன்றைச் சேர்த்துச் சீட்டின் ஸ்பிரிங்குக்கு அடியில் வைத்தோம். சீட்டில் ஆள் இல்லாதவரை பிரேக் பிடித்திருப்பதாகவே பெட்டி நினைத்துக்கொண்டிருக்கும். நைனா தத்தும்போது மோட்டார் உயிரற்றுக் கிடக்கும். உட்கார்ந்த கணத்தில் விழிக்கும். இறங்குவதற்காகச் சீட்டிலிருந்து எழுந்ததும் மறுபடி அடங்கிவிடும். குழியில் குலுங்கினால் ஒரு கணம் மோட்டார் விட்டுப் பிடிக்கிறது என்ற குறை உண்டு. சுவிட்சின் நாக்கைச் சற்று வளைத்து ஓரளவுக்குச் சரிசெய்தோம், முழுக்கப் போகவில்லை. திராட்டிலுக்குக் கட்டைவிரலால் தள்ளும் வகையே பொருந்தியது, ஏனென்றால் ராட் பிரேக்கின் நெம்புகோல்கள் கைப்பிடிக்கு அடியில் முழு நீளத்துக்கும் ஓடுவதால் முறுக்கும் வகை அங்கே நுழையவே நுழையாது.

பல் கணக்கு

மோட்டார் எது என்பதில் அடுத்த தர்க்கம். சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டார்தான் பார்வைக்குச் சுத்தமானது. ஆனால் கடைகளில் வருகிற ஹப் மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு 36 துளை கொண்டவை. இந்தப் பழைய வண்டிகளில் முன் ரிம்முக்கு 32 துளை, பின் ரிம்முக்கு 40. புது ரிம் போடலாமென்றால், ராட் பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டைக் கவ்வுவதில்லை, உட்புறத்தை நோக்கி மேலே இழுத்து அழுத்துகின்றன. அதற்கென்று இருபுறமும் வளைந்த ரிம்தான் வேண்டும், அது 36 துளையில் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. ஃபிரேமின் கேள்வி இன்னும் கடினம். ஹப் மோட்டாரின் அச்சு, சுழலாமல் நிற்பதற்காக இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டருக்குத் தட்டையாக்கப்பட்டிருக்கும். மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், அந்தச் சிறிய தட்டைப் பரப்பு அச்சு உட்காரும் ஃபோர்க்கின் காதைப் பிளக்க முயலும் விசை ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமம். பட்டை ஒன்றை ஃபோர்க்கோடு சேர்த்துக் கட்டினால் அது அந்த விசையை வாங்கிக்கொள்ளும் என்பார்கள். அறுபது வருடம் ஓடிய முன் ஃபோர்க்கை நம்பி அதைச் செய்ய பாய்க்கு மனம் வரவில்லை, எனக்கும்தான்.

கடைசியில், பற்சக்கரப் பெட்டியோடு வருகிற 24 வோல்ட், 250 வாட் மோட்டாரை வெளியே வைத்துத் தனிச் செயினால் பின்சக்கரத்தை ஓட்டுவது என்று தீர்மானித்தோம். மிதிக்கும் செயின் வலப்பக்கம், மோட்டார் செயின் இடப்பக்கம். ஒரு திசையில் பிடித்து மறுதிசையில் நழுவும் பல்சக்கரம்தான் ஃப்ரீவீல்; இடப்பக்கத்தில் சாதாரண ஃப்ரீவீலைப் பூட்ட முடியாது. இழுக்க வேண்டிய திசையில் அது நழுவும், மரையும் கழன்றுபோகும். எதிர்ப்புறம் பிடிக்கும் ஃப்ரீவீலும் அதற்கேற்ற இடது மரையும் தேவை. பழைய ஹப்பின் தகடு மெல்லியது என்பதால் லேத்துப் பட்டறையில் கெட்டி இரும்பில் 40 துளையோடு புது ஹப் கடைந்து வாங்கினோம். இரண்டு ஃப்ரீவீல் சேர்ந்ததும் பின் ஃபோர்க்கின் அகலம் போதவில்லை. ஏறக்குறைய 110 மில்லிமீட்டராக இருந்ததை 120 ஆக்க வேண்டும். இரும்பு ஃபிரேமைச் சூடாக்காமலே இந்த அளவுக்கு விரிக்கலாம். அலுமினியம் என்றால் விரிசல் விட்டுவிடும். பாய் ஒரு பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று மரக்கட்டையை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினார். ஒவ்வொரு நெம்புக்கும் பின் காதிலிருந்து நூலைக் கட்டி, முன் தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுகாதில் கட்டி, நடுக்குழாய்க்கும் நூலுக்கும் இருபுறமும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தார். இரண்டும் ஒன்றானால்தான் ஃபிரேம் நேராக இருக்கிறது என்று பொருள். வெல்டிங் செய்து மோட்டாரை ஒட்டிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, "இந்த ஃபிரேமு பித்தளையில ஒட்டினது தம்பி. பக்கத்துல கரண்டு வெல்டிங் வெச்சீங்கன்னா ஜாயிண்டுல இருக்குற பித்தளை இளகிப் போயிரும்" என்று தடுத்துவிட்டார்.

மோட்டாரைப் பெடலுக்குப் பின்னால், கீழ்க்குழாய்க்கு அடியில் வைப்பதுதான் வழக்கம். ஆனால் பின் பிரேக்கின் கம்பியும் கட்டையும் சரியாக அந்த இடத்தில்தான் வேலை செய்கின்றன. பிரேக்கை நகர்த்துவதா மோட்டாரை நகர்த்துவதா என்றால் மோட்டாரைத்தான். கேரியரின் இடக்கால் தடித்த கம்பி. அதில் தகடு ஒன்றை யு-போல்ட்டால் இறுக்கி மோட்டாரைத் தொங்கவிட்டோம். எங்கும் துளையில்லை, பற்றவைப்பில்லை. நாளை யாராவது எல்லாவற்றையும் கழற்றினால், சற்று விரிந்த பின் ஃபோர்க்கைத் தவிர ஹெர்குலஸ் பழைய ஹெர்குலஸாகவே திரும்பக் கிடைக்கும்.

வேகத்தை முடிவு செய்தது இந்த இடப்பக்க ஃப்ரீவீல்தான். மோட்டாரின் முனை நிமிடத்துக்குச் சுமார் 320 சுற்று; அதிலுள்ள பல் 9. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். 16 பல் ஃப்ரீவீல் போட்டால் மணிக்கு 24 கிலோமீட்டர், 18 போட்டால் 21, 22 போட்டால் பதினேழரை. பல் கூடக்கூட வேகம் குறையும், இழுவை கூடும். நைனாவையும் வண்டியையும் பையையும் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், நூறடிக்கு நான்கடி ஏறும் பாலத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கே 100 வாட்டுக்கு மேல் சக்கரத்தில் வேண்டும்; பழக்கமில்லாத மனிதர் ஒருவர் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது 75 வாட் அளவில்தான். அவருக்கு வேண்டியது அங்கே கிடைக்கும் இழுவை. 22 பல்லையே போட்டோம். மருமகன் அன்று சாயங்காலமே சென்னைக்குக் கிளம்பிப் போனான்.

பேட்டரிக்கு இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் செல்களை எடுத்தேன். எட்டுச் செல் வரிசையாகச் சேர்ந்தால் 25.6 வோல்ட், இரண்டிரண்டாகச் சேர்த்து 12 ஆம்பியர் மணி. இதே எடையில் அதிகம் தாங்கும் வேறு லித்தியம் வகைகள் உண்டு. ஆனால் சித்திரை வெயிலில் கோவில் வாசலில் மணிக்கணக்காக நிற்கப்போகும் வண்டிக்கு, சூட்டைப் பொறுப்பதும் பல வருடம் உழைப்பதும் இந்த வகைதான். பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள், கித்தான் பையில் அது தொங்குகிறது. காலைச் சுழற்றும் வழியில் எதுவும் இல்லை.

நிற்பது

மோட்டாரைப் பூட்டுவதற்கு முன்பே பிரேக்கைப் பார்த்துவிட வேண்டும் என்பது பாய் வைத்த இரண்டாவது நிபந்தனை. நைனா வழக்கமாக மிதிக்கும் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் இருக்கலாம். வேகம் பதினேழரை ஆனால், நிறுத்துவதற்காகப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகிறது; 25 ஆனால் நான்கு மடங்கைத் தாண்டுகிறது. ராட் பிரேக்கோ முலாம் பூசிய இரும்பு ரிம்மில் ரப்பரை அழுத்துவது. காய்ந்திருக்கும்போது குறை சொல்ல முடியாது. நனைந்தால், ரிம்மில் படிந்த நீரை வழித்தெடுத்த பிறகுதான் பிடிக்கவே தொடங்கும். அதற்குள் சக்கரம் சில சுற்றுகள் போய்விடும். ரிம்மில் தண்ணீரை ஊற்றி, கேரியரில் நெல் மூட்டையைக் கட்டி, பாலத்தின் இறக்கத்தில் நானே ஓட்டிப் பார்த்தேன். பதினேழில் நின்றது, நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை, ஆனால் நின்றது. இருபத்துநான்கில் நின்றிருக்குமா என்று பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை. கட்டைகளைப் புதிதாக மாற்றி, கம்பி இணைப்புகளின் ஆட்டத்தை எடுத்து, ரிம்மின் கோட்டத்தை நூல் பிசகாமல் எடுத்துக் கொடுத்தார் பாய். நெம்புகோல் சற்று அசைந்ததுமே மோட்டார் அடங்கும்படி முன் பிரேக்கின் கம்பியில் இன்னொரு சுவிட்சையும் வைத்தோம். மழைநாளில் மோட்டாரைத் தொடுவதில்லை என்று நைனா தானாகவே ஒரு விதி போட்டுக்கொண்டார். அவர் மழையில் வெளியே போவதே இல்லை என்பது வேறு விஷயம்.

பேட்டரி தீர்ந்தபோது என்ன ஆகும் என்பதை அவரே ஒருநாள் பார்த்துவிட்டார். சார்ஜ் போட மறந்த நாள். இடப்பக்க ஃப்ரீவீல் நழுவிக்கொள்வதால் மோட்டாரும் அதன் செயினும் அசையாமல் நிற்க, சைக்கிள் சைக்கிளாகவே வீடு வந்து சேர்ந்தது. பாலத்தில் மட்டும் பழையபடி இறங்கித் தள்ளினார். மோட்டார் இருந்தும் தள்ளினீர்களே என்று யாரோ கேலி செய்திருக்கிறார்கள். அதற்கு அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

இத்தனைக்கும் பிறகு அவர் சொல்லும் குறை, நாங்கள் யாருமே கணக்கில் எடுக்காத ஓர் இடத்தில் இருக்கிறது. மோட்டார், பேட்டரி, ஹப், செயின், தகடு எல்லாம் சேர்த்து வண்டியின் எடை ஏழெட்டுக் கிலோ கூடியிருக்கிறது. ஓடும்போது அது தெரிவதில்லை. இரவில் சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றும்போதுதான் தெரிகிறது. எங்கள் வாசலில் மூன்று படிகள், பின்சக்கரத்தைத் தூக்கித்தான் ஏற்றியாக வேண்டும். இப்போது அம்மா ஒரு கை கொடுக்கிறார். படிகளின் ஓரத்தில் சக்கர அகலத்துக்குச் சிமெண்டில் ஒரு சாய்வு போட்டுவிட்டால் இருவருக்கும் அந்தப் பாரம் இல்லை என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். படிக்கோலம் போடும் இடம் குறையும் என்று அம்மா அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.